உஷ் அக்கா வெட்டாமல் விட்ட மூச்சு

டிவித் தொடரில் வந்த அந்தக் கமாண்டர் பேசவே இல்லையாம், பேசுவது கம்ப்யூட்டராம். ஆள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாராம், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டதாம், பாட்டுக் கம்பெனிக்காரர்கள் மிஷினில் ஒரு குரலைத் தயார் செய்து நிலாப் பாட்டைச் சொல்ல வைத்துவிட்டு அவர் பெயரைப் போட்டுக்கொண்டார்களாம். இதை உஷ் அக்காவிடம் சொன்னவர் மரச்சாமான் கடைக்காரர். அவருக்குச் சொன்னது அவருடைய மச்சான். மச்சானுக்கு யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும்தான் சொல்றாங்க" என்பது பதில்.

அக்கா அப்போது வெறுங்காலோடு அந்தக் கடையின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். இது அநேகமாகத் தினமும் நடப்பது. கடைக்கு நேர் கீழே, பேஸ்மென்டில், அக்காவின் ஒலிப்பதிவுக் கூடம். மேலே ஒருவர் நாற்காலியை நகர்த்தினால் கீழே ஒரு விளம்பரம் பாழாகும்.

"கட்டிலைத் தூக்கிட்டுப் போனா என்ன அண்ணே? கயிறு கட்டி இழுத்துட்டுப் போக அது என்ன மாடா?"

"மனுசன் பேசறதைப் பதிவு பண்ணினா நான் தூக்குவேன்க்கா. மிஷின் பேசறதுக்கு எதுக்கு நான் இடுப்பை ஒடிச்சுக்கணும்?"

"எந்த மிஷின்?"

அப்போதுதான் மச்சான் சொன்னது வந்தது. கடைக்காரர் போனை எடுத்து, கம்பெனி அன்று காலை மாதிரிக்காக வெளியிட்டிருந்த ஒரு பாட்டைப் போட்டும் காட்டினார். அக்கா அதை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். கேட்கக் கேட்க முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. திட்டாத அக்காவைக் கடைக்காரர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். கட்டிலின் முனையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

உஷ் அக்கா என்பது வருகிறவர் போகிறவர் எல்லாம் சேர்ந்து கொடுத்த பெயர். நடுவயதுப் பெண்மணி, உதட்டுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் பசை போட்ட மாதிரி எப்போதும் ஒரு நெருக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைப்பார், அதன் உறுமல் பொறுக்காது. கிளம்பும்போது திரும்பப் போட மறந்து, ஒருமுறை நாத்தனார் வீட்டுப் பால் மொத்தமும் திரிந்துபோனது. நாத்தனார் பேச்சை நிறுத்திக்கொண்டார். "நல்லதாப் போச்சு. அவ பேசினா பல்லு சந்துல விசில் அடிக்கும், எனக்குத் தலைவலி" என்பது அக்காவின் கருத்து.

சரசரக்கும் துணி உடுத்த மாட்டார். வளையல் கிடையாது. பதிவுக்கு வருகிறவர்கள் சாவியையும் சில்லறையையும் வாசலில், துணி விரித்த டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். பேசும்போது நாக்கு ஒட்டிக்கொண்டு 'சப் சப்' என்கிறவர்களுக்குப் பச்சை ஆப்பிளை நறுக்கி நீட்டுவார். புளிப்பில் எச்சில் ஊறி வாய் சீராகும். "தின்னுட்டுப் பேசுங்க. நனைஞ்ச செருப்பு மாதிரி இருக்கு உங்க வாய்." பெயர் பெற்ற ஒரு நடிகை அழுதுகொண்டே அந்த ஆப்பிளைத் தின்றிருக்கிறார். அக்காவின் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். தட்டில் கரண்டி படாமல் சாப்பிடுகிற வித்தையைக் கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டுவிட்டார்.

அவருடைய தொழில் என்ன என்று யாராவது கேட்டால், "மூச்சு வெட்டறது" என்பார். அது வேடிக்கைப் பேச்சு அல்ல. விளம்பரம், பிள்ளைகளுக்கான பாடம், லிஃப்ட்டுக்குள் மாடி எண்ணைச் சொல்லும் குரல், எது வந்தாலும் முதல் வேலை அதுதான். திரையில் பேச்சு மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கும். இரண்டு மலைக்கு நடுவே கம்பளிப்பூச்சி போல ஒன்று சுருண்டு கிடக்கும். அதுதான் மூச்சு. பிடித்து ஒரு தட்டு, போயிற்று. இடைவெளியை இழுத்து மூடிவிட்டால், அங்கே ஒரு மனிதர் காற்றை உள்ளே இழுத்தார் என்பதற்கு அடையாளமே இருக்காது. "லிஃப்ட்டுக்குள்ள பேசற பொம்பளை மூச்சு விட்டா ஜனங்க அலறிட்டு இறங்கிடுவாங்க" என்பார். இப்படி வெட்டி வெட்டியே கை பழகிவிட்டது. வீட்டில் மாமியார் பேசும்போதுகூட விரல் தானாக மேசையைத் தட்டும்.

கமாண்டர் இந்தக் கூடத்துக்குள் வந்தது நிலாப் பாட்டுக்காக. அவர் அப்படியொன்றும் பெரிய நடிகர் இல்லை. தொலைக்காட்சியில் வருசக்கணக்காக ஓடிய ஒரு விண்வெளித் தொடரில் கப்பல் தலைவராக நடித்தவர். அதற்கு முன்னும் பின்னும் அவர் நடித்தது எதுவும் யாருக்கும் நினைவில்லை. தலையில் பூசணிக்காய் பருமனுக்குக் கண்ணாடிக் கவசம். அதற்குள் மைக் வைக்க முடியாது, வைத்தால் குகைக்குள் இருமுகிற மாதிரி கேட்கிறது என்று, அவர் பேசியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொருவரின் கனத்த குரலைச் சேர்த்தார்கள். முகம் இவருடையது, குரல் அவருடையது. இன்றைக்கும் கடைத்தெருவில் யாராவது வழிமறித்து, "சார், அந்த எரிபொருள் தீர்ந்தாலும் திரும்ப மாட்டேன்கிற வசனம்... ஒரே ஒரு தடவை சார்" என்பார்கள். கமாண்டர் சொல்வார். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். "டிவியில வேற மாதிரி இருந்துச்சே" என்று, போலிச் சரக்கை வாங்கிவிட்ட மாதிரி நகர்ந்துபோவார்.

நிலா, நட்சத்திரம், வால்வெள்ளி, ராக்கெட் என்று வானத்தைப் பற்றிய பழைய பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து, கமாண்டரைப் பாட வைத்து ஓர் ஆல்பம் போடலாம் என்பது பாட்டுக் கம்பெனி முதலாளியுடைய மாப்பிள்ளையின் யோசனை. கமாண்டருக்குப் பாட வராது, கேட்கச் சகிக்காது, ஊர் சிரிக்கும், சிரித்தால் ஓடும். கணக்கு அவ்வளவுதான். கமாண்டர் அந்தக் கணக்கில் விழவில்லை.

"பாட மாட்டேன். பேசறேன்" என்றார். "இந்தப் பாட்டையெல்லாம் ராகத்தைக் கழட்டி வெச்சுட்டு, இதுல இருக்கற ஆள் என்னதான் சொல்றான்னு ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா?"

மாப்பிள்ளைக்கு அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது. சரி என்றார்.

நிலவைக் கீழே இறங்கி வரச் சொல்லும் காதல் பாட்டை முதலில் எடுத்தார்கள். பாடகர்கள் குழைந்து குழைந்து பாடிய பாட்டு. கமாண்டர் அதைப் பூட்டிய கதவுக்கு வெளியே நெடுநேரமாக நிற்கிற ஆள் மாதிரி பேசினார்.

"சார், நிலாவை இப்படி அதட்டினா அது எப்படி இறங்கி வரும்?" என்றார் அக்கா.

"இத்தனை காலம் எல்லாரும் கெஞ்சினாங்களே, வந்துச்சா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் சத்தம்தான் என்பதால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வழக்கம்போல் மூச்சையெல்லாம் வெட்டி, இடைவெளிகளை மூடி, போட்டுக் காட்டினார். கமாண்டர் பாதியிலேயே ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"யாரும்மா இது?"

"நீங்கதான் சார்."

"நான் இல்ல. என் மூச்சு எங்க?"

"வெட்டிட்டேன். எல்லாருக்கும் வெட்டறதுதான்."

"யாரைக் கேட்டு வெட்டின?"

"யாரைக் கேக்கணும்? முப்பாட்டன் காலத்துல இருந்து வெட்டறாங்க. முதல்ல கத்தறதை நிறுத்துங்க, மைக் கெட்டுப்போகும்."

"கெடட்டும்!"

இரண்டு கோபக்காரர்களை ஒரு காற்றுப்புகாத அறைக்குள் அடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. கொஞ்ச நேரம் இருவரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். முதலில் ஓய்ந்தது கமாண்டர்.

"அந்தத் தொடரைப் பார்த்திருக்கியா நீ? கண்ணாடியில பனி மாதிரி படியும், பார்த்திருக்கியா?"

அக்கா பார்த்திருக்கிறார். அந்த நாளில் எல்லாப் பிள்ளைகளும் கண்ணாடிக் கிண்ணத்தை வாயில் கவிழ்த்து ஊதி, அதே மாதிரி பனி வருகிறதா என்று பார்த்ததும் உண்டு.

"அது என் மூச்சும்மா. அந்த எழவெடுத்த கண்ணாடி மண்டைக்குள்ள எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். பேச்சு வேறொருத்தன் பேச்சு. இப்பதான் மொத மொதல்ல என் வாயால பேசறேன். இதுலயும் மூச்சை எடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

அக்கா திரைப்பக்கம் திரும்பி, வெட்டிப் போட்ட மூச்சை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தார். வெட்டுவதைவிட வைப்பது கடினம். ஒரு மயிரிழை தள்ளிப்போனால் தூக்கத்தில் முனகுவது போலக் கேட்கும். எல்லாவற்றையும் வைத்து முடித்ததும் சொன்னார்: "ஒண்ணு கூடப் போகாது சார். நான் பொறுப்பு."

அதற்குப் பிறகு இருவரும் சண்டை போட்டுக்கொண்டே நன்றாக வேலை செய்தார்கள். நட்சத்திரங்களை எண்ணுகிற குழந்தைக்கு அப்பன் பதில் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள் என்று அவன் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால் கமாண்டர் ஒரு மூச்சு இழுக்கிறார். பொய் சொல்லப்போகிறவனின் மூச்சு. அந்த ஒன்றை மட்டும் அக்கா பலமுறை தனியே போட்டுக் கேட்டிருக்கிறார். இதையா இத்தனை நாளும் குப்பை என்று தள்ளினோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்து, அன்று முழுக்க வாத்தியாரோடு பேசவில்லை.

இப்போது கடைக்காரரின் போனில் கேட்டது நிலாப் பாட்டுதான், கமாண்டர் பேசியதுதான். ஆனால் ஒரு மூச்சு இல்லை. சொற்களைச் செங்கல் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியிருந்தது. மச்சானைக் குறைசொல்ல வழியில்லை. கேட்டால் மிஷின் மாதிரிதான் இருந்தது.

"உங்க மச்சானுக்குக் காது நல்லா இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா தெருவில் இறங்கினார். செருப்பு நினைவு பாதித் தெருவில்தான் வந்தது. திரும்பி வந்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து கோபப்பட்டுக்கொண்டே போனார்.

மாப்பிள்ளையின் அறை நாலு பக்கமும் கண்ணாடி. அவர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலி அசைகிறபோதெல்லாம் கிறீச்சிட்டது.

"கமாண்டர் பாட்டுல யார் கை வெச்சது?"

"வாங்கக்கா, உக்காருங்க. நான்தான். நீங்க மூச்சையெல்லாம் அப்படியே விட்டுட்டீங்க. பாவம், வேலை ஜாஸ்தி, மறந்திருப்பீங்கன்னு நானே ஒரு தட்டுத் தட்டினேன். இப்பல்லாம் சாஃப்ட்வேரே தேடிப் பிடிச்சு எடுத்துடுதே." உபகாரம் செய்த களை அவர் முகத்தில்.

"நான் மறக்கல. வெச்சேன்."

"எதுக்குக்கா?"

"மனுசன் மூச்சு விடுவான்."

"எங்களுக்கெல்லாம் நீங்க வெட்டித்தானே கொடுப்பீங்க? உங்களைப் பார்த்துத்தான் நானே கத்துக்கிட்டேன்."

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை தொடர்ந்தார்.

"மூச்சோட கேட்டா கிழவன் மாதிரி இருக்குக்கா."

"கிழவன்தான்யா அவர்! ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? மிஷின்னு பேசறாங்க."

"தெரியுமே" என்றார் மாப்பிள்ளை. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். "அவரா, மிஷினான்னு அடிச்சுக்கறாங்க. இதுக்கு மேல ஒரு விளம்பரம் வேணுமா? நாம ஆமாம்னும் சொல்ல வேணாம், இல்லைன்னும் சொல்ல வேணாம். மீதிப் பாட்டு உங்ககிட்டதானே இருக்கு, சாயங்காலம் அனுப்பிடுங்க. அதையும் நானே தட்டிக்கறேன். இல்லைன்னா வேற ஆள்தான் பார்க்கணும், நான் என்னக்கா பண்ணுவேன், மாமா கேப்பாரு."

அக்கா எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார். "அந்த நாற்காலிக்கு எண்ணெய் போடுங்க. சக்கரத்துல நாய் மாட்டின மாதிரி கத்துது."

திரும்பி வந்தபோது மரச்சாமான் கடை வாசலில், விற்பனைக்கு வைத்திருந்த ஒரு நாற்காலியில் கமாண்டர் உட்கார்ந்திருந்தார். விலைச்சீட்டு அவர் காதோரம் ஆடிக்கொண்டிருந்தது. படுத்த படுக்கை என்று கேள்விப்பட்ட ஆள் எதிரே உட்கார்ந்திருந்ததால் கடைக்காரர் வாடிக்கையாளரைக்கூடக் கவனிக்கவில்லை.

"என் பொண்ணு போன் பண்ணினா" என்றார் கமாண்டர். குரல் உயரவில்லை, அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. "'அப்பா, அது நெஜமா நீங்கதானா'ன்னு கேக்கறா. நான் பெத்த பொண்ணு. இந்தக் குரல்லதான் அவளை அதட்டி வளர்த்தேன்."

"நான் வெட்டல சார்."

"தெரியும். நீ வெட்டியிருந்தா இன்னும் நல்லா வெட்டியிருப்ப. ஆனா பொறுப்புன்னு சொன்னது நீதானே?"

"நான்தான்."

"அப்ப மீதியை அவனுக்குக் கொடுக்காதே. அழிச்சுடு."

"அழிச்சா ஊர்ல மிஞ்சறது அந்த ஒரு பாட்டுதான் சார். மிஷின்தான்னு தீர்ந்தே போயிடும்."

"கொடுத்தா?"

"தட்டிடுவான்."

கமாண்டர் எழுந்து நின்று, யாரையோ அடிக்கிற மாதிரி நாற்காலியின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டார். வாடிக்கையாளர் கடையை விட்டு வெளியேறினார். அக்கா மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருசம் வெட்டிய கைக்கு வெட்ட வராத மூச்சு என்று ஏதாவது இருந்ததா? இருந்தது. ஒருமுறை, தாமதமாக வந்த ஒரு விளையாட்டு வர்ணனையாளர் பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடிவந்து அப்படியே மைக் முன்னால் நின்று படித்தார். மூச்சு சொல்லுக்கு இடையில் இல்லை, சொல்லுக்குள்ளேயே இருந்தது. மூச்சைத் தொட்டால் சொல் செத்தது. அன்று அவரைத் திட்டி வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் முழுக்கத் திரும்பப் பதிவு செய்தார்.

"சார், மாடிப்படி ஏறுவீங்களா?"

"எதுக்கு?"

"உங்களுக்கு மூச்சு வாங்கணும். நல்லா வாங்கணும். அப்படியே வந்து பேசணும். ஒவ்வொரு வார்த்தைக்குள்ளயும் மூச்சு இருந்தா எந்தச் சாஃப்ட்வேரும் பிரிக்க முடியாது. மூச்சை எடுத்தான்னா பாட்டும் சேர்ந்து போயிடும்."

"எல்லாப் பாட்டையும் திரும்பவா?"

"எல்லாத்தையும். அதைத்தான் அனுப்புவேன்."

"நடுவுல செத்துப்போனா?"

"மிஷின் இல்லன்னு ஊருக்குத் தெரிஞ்சுடும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அக்காவுக்கே உறைத்தது. "வேணாம் சார், வேற வழி யோசிப்போம்" என்று ஆரம்பிப்பதற்குள் கமாண்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படியில் ஏறியாயிற்று. மாடிக்கு மாடி அவர் செருப்புச் சத்தம் மேலே போயிற்று. நடுவில் நின்றது. அவர் யாரையோ வைகிறது கேட்டது. மறுபடி போயிற்று.

"என்னக்கா இது, பெரியவரைப் போய்..." என்றார் கடைக்காரர்.

"உங்க மச்சானுக்கு போன் போட்டுக் கூப்பிடுங்க. மிஷினுக்கு இப்படி மூச்சு இளைக்குமான்னு வந்து பார்க்கட்டும்."

கடைக்காரர் மச்சானைக் கூப்பிடவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கமாண்டருக்குப் பின்னால் ஓடினார்.

கமாண்டர் இறங்கி வந்தபோது முகம் செங்கல் நிறம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா நீட்டிய ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு மைக் முன்னால் போய் நின்றார். முழங்காலைப் பிடித்துக் குனிந்து, நிமிர்ந்து, வாயைத் திறந்தபடி கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தார். ஹெட்ஃபோனுக்குள் அவர் மூச்சு, பட்டறைத் துருத்தி மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அளவு காட்டும் முள் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே துள்ளியது.

மேசைமேல் அக்காவின் போன் ஒளிர்ந்தது. மாப்பிள்ளை. சத்தம் அணைத்து வைத்திருந்ததால் வெளிச்சம் மட்டும் வந்து வந்து போயிற்று. நின்றது. உடனே மறுபடி ஒளிர்ந்தது. சாயங்காலம் ஆகியிருந்தது. எடுத்தால் பதில் சொல்ல வேண்டும்; எடுக்காவிட்டால் நாளையிலிருந்து கம்பெனி வேலை வேறொருவர் கைக்குப் போய்விடலாம்.

அக்கா போனைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து பதிவறைக்குள் போனார். மைக்குக்கு முன்னால், பேசுகிறவரின் மூச்சு நேராகப் போய் அடிக்காதபடி, கறுப்பு வலைத்துணி கட்டிய ஒரு வளையம் நின்றுகொண்டிருந்தது. திருகைத் தளர்த்தி அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கமாண்டரின் தோளைப் பிடித்து ஓர் அடி முன்னால், மைக்கில் உதடு படுகிற அளவுக்கு நெருக்கமாகத் தள்ளினார். திரும்பி வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

போன் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அக்கா பதிவுப் பொத்தானை அழுத்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கையை வீசி இறக்கினார்.